முடிவு நாள் இல்லாத செவ்வாய்க்கிழமை

தெருவிளக்குப் பராமரிப்பு வாரியம் தன் புதிய கட்டடத்துக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு வாரியத்தின் அறுபத்திரண்டு ஊழியர்களும் கணினி முன்னால் உட்கார்ந்து, புதிய கட்டடத்துக்கு எப்படிக் குடிபோவது என்று ஒரு மணி நேரம் கலந்து பேசுகிறார்கள். பேசுவது அந்தப் புதிய கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டுதான். அடுத்தடுத்த மேசைக்காரர்கள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆன்லைனில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள்.

கூட்டத்தின் பெயர் ‘புதிய கட்டட இடமாற்ற முன்னேற்ற ஆய்வு’. அதை ஏற்படுத்தியவர் அப்போதைய கண்காணிப்பாளர். ஒரு கடிதம் போட்டால் அதற்கொரு நினைவூட்டல், அந்த நினைவூட்டலுக்கு இன்னொரு நினைவூட்டல் என்று அனுப்பிக்கொண்டே இருந்தவர் என்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘நினைவூட்டி’ என்றே பெயர். கட்டட வேலை எப்போது முடியும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் ‘தொடர் முடியும் நாள்’ என்று கணினி கேட்டபோது நினைவூட்டி ‘இல்லை’ என்று போட்டார். எட்டு மாதத்தில் கட்டடம் முடிந்தது, வாரியம் குடிவந்தது, நினைவூட்டி ஓய்வு பெற்றார். அவர் போட்ட கூட்டம் மட்டும் பணியில் நீடித்தது.

இந்தக் கதை அந்த அறுபத்திரண்டு பேரில் ஒருவரைப் பற்றியது. கீழ்த்தளத்தில் பல்புகள், சோக்குகள், ஒயர் சுருள்கள், ஏணிகள் எல்லாம் அடுக்கிய ஸ்டோரைக் கவனித்துக்கொள்பவர். கூட்டத்தில் பிரிவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் பெயரே ஸ்டோர் என்று ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில்கூட, “ஸ்டோர், அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடுங்க” என்பார்கள். அவரும் எடுத்துக் கொடுப்பார்.

குடிவந்த புதிதில் அவர் நேர்மையாக, “எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு சார். நாம இப்போ இங்கதானே இருக்கோம்?” என்று கேட்டார். இயக்குநர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்போ நிலுவை எதுவும் இல்லன்னு சொல்லுங்க. நிகழ்ச்சி நிரல்ல இருக்கிறது அதுதான்” என்றார். அன்றிலிருந்து ஸ்டோர் நூற்று ஐம்பது வாரமாகச் சொல்வது ஒரே வாக்கியம். “ஸ்டோர்ல நிலுவை எதுவும் இல்ல சார். கேக்குதா?” இயக்குநர், “கேக்குது, அடுத்தது” என்பார். அவ்வளவுதான். மீதி ஐம்பத்தொன்பது நிமிடமும் ஸ்டோர் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். தலை திரும்பினால் ‘கவனமின்மை’ என்று கணினியே எழுதிவைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் ஏதாவது ஒரு கூத்து இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். வம்பு வந்தது சிட்டுவால்.

சிட்டு அவருடைய மகள். நாலு வயது முடிந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது, எல்லாம் புரிகிறது, சிரிக்கிறாள், கோபித்துக்கொள்கிறாள். பேச்சு மட்டும் வரவில்லை. ‘அத்தை’, ‘தா’, ‘வேணா’, ‘ப்பா’ என்று எண்ணி ஏழு வார்த்தைகள். அந்த ஏழையும் ஒன்றோடொன்று சேர்க்க மாட்டாள். மனைவி வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஸ்டோரின் அக்கா. மனைவி ஒவ்வொரு முறை வந்ததும் முதலில் கேட்பது, “புதுசா ஏதாவது சொன்னாளா?” என்பதுதான். ஸ்டோர் பதில் சொல்லாமல் அவள் பையை வாங்கி உள்ளே வைப்பார். பதினோரு மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஸ்டோரும் அக்காவும் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. கதவில் ‘போன் கூடாது’ என்று ஒரு தாள். தரையில் பாய், மரக்கட்டைகள், ரப்பர் யானை. வெளியே பெஞ்சில் எட்டுக் குழந்தைகளின் தாய்மார்கள் இடத்துக்குக் காத்திருந்தார்கள். டீச்சர் சிட்டுவோடு அரை மணி நேரம் விளையாடிவிட்டு, வந்துவிடும், நிச்சயம் வந்துவிடும், ஆனால் இனியும் தள்ளிப்போட்டால் கஷ்டம் என்றார். வாரம் ஒருமுறை பயிற்சி. பெற்றவர்களில் ஒருவர் கூடவே தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். அத்தை போதாது. காலியாக இருக்கும் நேரம் ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமை காலை பத்து.

ஸ்டோர் அலுவலகத்துக்கு வந்து விடுப்பு மென்பொருளைத் திறந்தார். செவ்வாய், பத்து முதல் பன்னிரண்டு. அது உடனே பதில் சொன்னது: ‘அந்த நேரத்தில் உங்களுக்கு முக்கியக் கூட்டம் உள்ளது. தயவுசெய்து வேறு நேரத்தில் விடுப்பு எடுத்து மகிழவும்.’

முதல் செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பயிற்சிக்குப் போய்விட்டார். நன்றாகத்தான் இருந்தது. பாயில் தவழ்ந்து ரயில் ஓட்டினார், சிட்டு அவர் முதுகில் உட்கார்ந்து ‘டூ’ என்றாள். எட்டாவது வார்த்தை. படியிறங்கும்போது மணி பதினொன்று ஐந்து. போனில் மெமோ வந்திருந்தது. மூன்று மெமோ சேர்ந்தால் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றல். அதைவிட மோசம், ஒவ்வொரு மெமோவுக்கும் அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவரே தோன்றி விளக்கம் சொல்ல வேண்டும். ஒரு வாரம் போனால், போனதற்கு விளக்கம் சொல்ல அடுத்த வாரம் போக முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அவருக்குத் தலை சுற்றியது.

டீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னார். டீச்சருக்குப் பாதி புரியவில்லை. “குடிவந்த வீட்டுக்கு எப்படிக் குடிபோறதுன்னா பேசுறீங்க?” என்று இரண்டு முறை கேட்டார். கடைசியில், “ஒரு மாசம் இடத்தை வச்சிருக்கேன். அதுக்குள்ள அந்த மீட்டிங்கை முடிச்சிட்டு வாங்க. அதுக்கு மேல பெஞ்சுல இருக்கிறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது” என்றார்.

நாலு செவ்வாய்க்கிழமை. ஒரு கூட்டத்தை நிறுத்த இவ்வளவு நாள் எதற்கு என்று அப்பாவித்தனமாக நினைத்தபடி ஸ்டோர் வீட்டுக்குப் போனார்.

முதலில் அழைப்பைத் திறந்து ‘வரவில்லை’ என்ற பொத்தானை அழுத்தினார். அந்தத் தகவல் நினைவூட்டியின் முகவரிக்குப் போனது. அந்த முகவரி மூடப்பட்டிருந்ததால், ‘இவர் வரவில்லை என்பதைத் தெரிவிக்க இயலவில்லை’ என்று அறுபத்திரண்டு பேருக்கும் ஒரு கடிதம் வந்தது. அடுத்து ‘நீக்கு’ என்பதை அழுத்தினார். கூட்டம் அவருடைய நாட்காட்டியிலிருந்து மறைந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். கணினிப் பிரிவுக்காரர்தான் விளக்கினார்: மறைந்தது நினைவூட்டல் மட்டும்தான், கூட்டம் அப்படியே இருக்கிறது, இனி அவர் தானாகவே ஞாபகம் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

“அப்போ நீங்களே கேன்சல் பண்ணிடுங்க” என்றார் ஸ்டோர்.

“போட்டவர்தான் எடுக்க முடியும்.”

“அவர் ரிட்டயர் ஆயிட்டாரே.”

“அவர் அக்கவுண்ட் இருந்தா எடுத்திருக்கலாம்.”

“அதை மூடினது யாரு?”

“நாங்கதான். ரிட்டயர் ஆன அன்னிக்கே மூடணும்னு ரூல் இருக்கு. ரூலைப் போட்டதும் அவர்தான்” என்றார் கணினிப் பிரிவுக்காரர், சற்றுப் பெருமையாகவே.

முறையாகப் புகார் பதியச் சொன்னார்கள். புகார்ப் படிவத்தில் மூன்று பிரச்சினைகள் மட்டும் இருந்தன. கூட்டம் திறக்கவில்லை, படம் வரவில்லை, ஒலி வரவில்லை. கூட்டம் நிற்கவில்லை என்ற பிரச்சினையை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் படிவம் நகரும் என்பதால் ‘ஒலி வரவில்லை’ என்பதைத் தொட்டு, கீழே நாலு பக்கத்துக்குத் தன் கதையை எழுதினார். மறுநாள் ஒருவர் வந்து புது ஹெட்செட் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதன்பின் கூட்டம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது வாரம் துணிந்து இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் கெட்டவர் இல்லை. யார் போனாலும் உட்காரச் சொல்வார், சொல்வதை முழுக்கக் கேட்பார். கேட்ட பிறகு பேசுவார், அங்கேதான் சிக்கல்.

“உங்க மனவருத்தம் எனக்குப் புரியுது. நானும் பிள்ளை பெத்தவன்தான். ஆனா ஒரு விஷயத்தை நீங்க மேல இருந்து பாக்கணும். எல்லா வாரியத்துலயும் கூட்ட வருகைல நம்ம வாரியம்தான் முதலிடம். தொண்ணூத்தெட்டு சதவீதம். அதோ இருக்கு பாருங்க ஷீல்டு. விளக்கு எரியறதுல நாம பதினேழாவது இடம்தான், இல்லங்கல, ஆனா அது வேற ஷீல்டு. விளக்கு எரியணும்னா பல்பு வேணும், ஏணி வேணும், ஏறுறதுக்கு ஆள் வேணும். கூட்டத்துக்கு அதெல்லாம் வேண்டாம், ஆள் உக்காந்தா போதும். இருக்கிறதுலயே நாம ஒழுங்கா செய்யற ஒரு வேலையை நிறுத்தச் சொல்றீங்க. செய்யலாம். முறைப்படி செய்யலாம்.”

முறைப்படி என்றால் குழு. அன்று மாலையே ஏழு பேர் கொண்ட ‘கூட்ட நீக்கக் குழு’ அமைக்கப்பட்டது. புகார் கொடுத்தவர் என்பதால் ஸ்டோரே ஒருங்கிணைப்பாளர். ஏழு பேருக்கும் பொதுவாக ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கணினி தேடிக் கண்டுபிடித்தது. செவ்வாய்க்கிழமை பதினொன்று முதல் பன்னிரண்டு. ஆக, ஒரு மணி நேரமாக இருந்த கூட்டம் அவருக்கு இரண்டு மணி நேரமானது. சட்ட அலுவலர் குழுவில் முதல் கேள்வியைக் கேட்டார்: கூட்டத்தை நீக்கிவிட்டு அதன்பின் வாரியம் வேறொரு புதிய கட்டடத்துக்குப் போக நேர்ந்தால் என்ன செய்வது? அதைக் குறித்துக்கொண்டார்கள்.

குழு ஒரே ஒரு உருப்படியான முடிவை எடுத்தது. நினைவூட்டியைப் போய்ப் பார்ப்பது. போக வேண்டியவர் யார் என்று கேட்கத் தேவையில்லை.

நினைவூட்டி ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தார். பால்கனியில் பூந்தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு சீட்டு, சீட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேதி. ஸ்டோரைப் பார்த்ததும் அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னும் நடக்குதா?” என்றார். “செவ்வாய், பத்து மணி?”

“நடக்குது சார். அதை நிறுத்தணும்.”

“எல்லாரும் வர்றாங்களா?”

“தொண்ணூத்தெட்டு சதவீதம்.”

நினைவூட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே அறைக் கதவிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். அவர் நட்ட செடியை வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று பிடுங்கிவிட்டார்கள். ஒரு போன்கூட வருவதில்லை. இப்போது தெரிகிறது, வாராவாரம் அறுபத்திரண்டு திரைகளில் ‘அழைப்பவர்’ என்ற இடத்தில் தன் பெயர் வந்துகொண்டிருக்கிறது என்று. அவர் மனைவி உள்ளேயிருந்து, “வீட்டுல இவர் சொல்றதை ஒருத்தரும் கேக்கறதில்ல. அங்கயாவது கேட்டுட்டுப் போகட்டுமே” என்றார். ஸ்டோர் போனில் சிட்டுவின் படத்தை எடுத்துக் காட்டினார். நினைவூட்டி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, முறையான உத்தரவு வந்தால் வருவதாகச் சொன்னார்.

முறையான உத்தரவு தயாரானது. மூடிய அக்கவுண்ட்டைத் திறக்க வேண்டுமென்றால் அதற்குரியவர் பணியில் இருக்க வேண்டும். ஆகவே நினைவூட்டியை ஒரே ஒரு மணி நேரத்துக்கு மறுநியமனம் செய்வதென்று முடிவானது. நாலாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்து முதல் பதினொன்று வரை. அதற்கு உடல்தகுதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், பணியேற்பு அறிக்கை, பணிவிடுவிப்பு ஆணை, ஒரு மணி நேரத்துக்கு உரிய அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் ஸ்டோரே அலைந்தார். பல்பு கேட்டு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பினார். பத்து மணிக்கு அக்கவுண்ட் தானாகத் திறக்கும், பதினொன்றுக்குத் தானாக மூடும் என்று கணினிப் பிரிவுக்காரர் சொன்னார். ஒரு பொத்தானை அழுத்த ஒரு மணி நேரம் போதாதா என்றும் கேட்டார். போதும் என்றுதான் ஸ்டோரும் நினைத்தார். டீச்சருக்குப் போன் செய்து, அதற்கடுத்த வாரத்திலிருந்து தவறாமல் வந்துவிடுவேன் என்றார். அன்று வீட்டில் சிட்டுவுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார்.

நாலாவது செவ்வாய்க்கிழமை கூட்ட அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கணினி, அதன் முன்னால் நினைவூட்டி, சலவைச் சட்டையில், கழுத்தில் ஒரு மணி நேர அடையாள அட்டையோடு. மற்றவர்கள் வழக்கம்போலத் தங்கள் மேசைகளிலிருந்து ஆன்லைனில். பத்து அடித்ததும் அக்கவுண்ட் திறந்தது. ஸ்டோர், “சார், அழுத்திடலாமா?” என்றார். இயக்குநர் கையமர்த்தினார். வரலாற்று முக்கியத்துவம் உள்ள ஒரு நிகழ்வை அப்படி மொட்டையாகத் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசினார். வீணான கூட்டங்களால் ஒரு நிறுவனம் எவ்வளவு மனித உழைப்பை இழக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு விளக்கினார். புள்ளிவிவரத்தை எடுக்க மட்டும் மூன்று பேர் நாலு நாள் வேலை செய்திருந்தார்கள். “ஒவ்வொரு நிமிஷமும் மக்களோட நிமிஷம். அதை வீணாக்குறவங்களை நான் மன்னிக்க மாட்டேன். இதை நான் போன வருஷமும் ஒரு கூட்டத்துல ரெண்டு மணி நேரம் வலியுறுத்திப் பேசினேன்” என்றபோது கைதட்டல் விழுந்தது. அவர் உட்கார்ந்தபோது மணி பத்து முப்பத்தெட்டு. நினைவூட்டி இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டார். அந்த இரண்டு வார்த்தை அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கியது. ஸ்டோர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இந்நேரம் அக்கா சிட்டுவோடு அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். வேண்டாம் என்று சொல்லியும், எதற்கும் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பியவள்.

பத்து ஐம்பத்தாறுக்கு நினைவூட்டி ‘கேன்சல்’ பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு கேள்வி வந்தது. ‘இந்த ஒரு கூட்டத்தை மட்டுமா? தொடர் முழுவதையுமா?’

நினைவூட்டி திரும்பி இயக்குநரைப் பார்த்தார்.

“தொடர் முழுவதும்னா, இதுவரைக்கும் நடந்ததும் போயிடுமா?” என்று இயக்குநர் கேட்டார். கணினிப் பிரிவுக்காரர், போகாது என்றுதான் நினைக்கிறேன் என்றார். “நினைக்கிறேன்னா? தொண்ணூத்தெட்டு சதவீதத்துக்கு நான் யாரு கிட்டப் போய்ப் பதில் சொல்றது?” என்று இயக்குநர் சட்ட அலுவலரின் கருத்தைக் கேட்டார். சட்ட அலுவலர் ஆன்லைனில் இருந்தார். அவர் உதடுகள் அசைந்தன, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, ஏதோ மூன்று அம்சங்களை அழுத்தமாகச் சொன்னார். மியூட்டில் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அதை அவருக்கு எடுத்துச் சொல்லப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மணி பத்து ஐம்பத்தொன்பது. மவுஸ் ஸ்டோரின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும், ஒரு விரலை அழுத்தினால் போதும். ஆனால் மவுஸ் கணினிப் பிரிவின் பொறுப்பு, முடிவு இயக்குநரின் பொறுப்பு. ஸ்டோர் பத்தொன்பது வருடமாகக் கையெழுத்து வாங்காமல் ஒரு பல்பைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. அவர் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. நினைத்து நினைத்து அவர் பின்னால் வருந்தியது அந்தப் பாதி தூரத்துக்காகத்தான்.

பதினொன்று அடித்தது. அக்கவுண்ட் மூடிக்கொண்டது. நினைவூட்டியின் அடையாள அட்டையை ஒருவர் வந்து திரும்ப வாங்கிக்கொண்டார். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மறுபடி ஒருமுறை மறுநியமனம் செய்ய முடியாதா என்று ஸ்டோர் கேட்டார். ஒருவருக்கு ஒருமுறைதான் என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியவரும் நினைவூட்டிதான்.

அன்று சாயங்காலம் ஸ்டோர் மருந்துக்கடை மாடிக்குப் போனார். அந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, படியைத் தடவித்தான் ஏற வேண்டியிருந்தது. டீச்சர் கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் நடந்ததைச் சொன்னார். டீச்சர் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

“இந்தத் தெரு விளக்கு எரியலன்னு ரெண்டு வருஷமா உங்க ஆபீசுக்கு எழுதிட்டு இருக்கேன். ஏன் ஒருத்தரும் வரலன்னு இப்போதான் தெரியுது” என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, “சரி, அந்த மீட்டிங்கையும் கூட்டிட்டு வாங்க. போனை ஒரு ஓரமா வச்சிக்கோங்க. ஆனா குழந்தை உங்க மடியில இருக்கணும்” என்றார். கதவில் ‘போன் கூடாது’ என்று எழுதியிருந்த தாளை அவரே கிழித்தார்.

அப்படித்தான் அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து பயிற்சி நடந்தது. கூட்டத்தில் முகம் தெரிந்தால் போதும், எங்கிருந்து என்று கணினி கேட்பதில்லை. போன் ஒரு மரக்கட்டையில் சாய்ந்து நிற்கும். கேமராவில் ஸ்டோரின் முகம் தெரியும், மடியில் இருக்கும் சிட்டு தெரியாது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டே கையால் கட்டை அடுக்குவார். போனில் ‘ஸ்டோர்’ என்று கூப்பிட்டதும் மியூட்டை எடுத்துவிட்டுத் தன் வாக்கியத்தைச் சொல்வார். சிட்டு அண்ணாந்து அவர் வாயையே பார்ப்பாள். மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை. ‘டூ’கூட நின்றுபோனது. ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். பாதி அப்பாவை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி என்று ஸ்டோருக்கே வெறுத்துப்போனது.

ஐந்தாவது வாரம், சிட்டுவின் செருப்பு வார் கழன்றுவிட்டது என்று குனிந்து மாட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் போன், “ஸ்டோர்?” என்றது. இரண்டாவது முறையும், “ஸ்டோர், இருக்கீங்களா?” என்றது. அவர் நிமிர்வதற்குள் சிட்டு முன்னால் சாய்ந்து, அவர் வழக்கமாகத் தொடும் இடத்தைத் தன் விரலால் தொட்டாள்.

“ஸ்டோல நிலுவ இல்ல சா. கேக்குதா?”

டீச்சரின் கையிலிருந்த யானை அப்படியே நின்றது. போனில் இயக்குநரின் குரல் வழக்கம்போல வந்தது.

“கேக்குது. நல்லா கேக்குது. அடுத்தது, கணக்குப் பிரிவு.”

சிட்டு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவள் ஒன்று கேட்டு, அதற்கு ஒரு முழு உலகமே பதில் சொல்லிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

“கேக்குதாம் ப்பா” என்றாள்.

ஸ்டோருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேமரா எரிந்துகொண்டிருந்ததால் அதை அடக்கிக்கொண்டு நேராகப் பார்த்தார். டீச்சர்தான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, இந்த மீட்டிங்கை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள், இதைக் கேட்டால்தான் இவள் வாயைத் திறக்கிறாள் என்றார். சனிக்கிழமை மனைவி வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, ஸ்டோர் பையை வாங்கவில்லை. சிட்டுவைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வந்தது. ‘ஸ்டோர் பிரிவு சார்பில் இருவர் பங்கேற்றனர்’ என்று கணினி குரலை வைத்து எழுதியிருந்தது. இன்னொரு அழைப்பும் வந்தது. பெறுநர்: ஸ்டோர்-2. தொடர் முடியும் நாள்: இல்லை. கணினிப் பிரிவுக்காரரிடம் கேட்டார். சேர்த்தது கணினி, எடுக்க வேண்டுமென்றால் போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்றார் அவர். ஸ்டோர் கீழே இறங்கி வந்தார்.

அதற்கடுத்த வாரம் சிட்டுவுக்குக் காய்ச்சல். ஸ்டோர் வீட்டிலிருந்தே கூட்டத்தில் கலந்துகொண்டார், அவள் உள்ளே தூங்கினாள். பதினொன்று ஐந்துக்கு மெமோ வந்தது. ஸ்டோர்-2 பங்கேற்காததற்கு அடுத்த கூட்டத்தில் அவரே விளக்கம் அளிக்க வேண்டும்.

விளக்கங்கள் நிகழ்ச்சி நிரலில் கடைசி. அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து ஐம்பத்தெட்டுக்கு இயக்குநர் தாளைப் பார்த்து, “ஸ்டோர் ரெண்டு. போன வாரம் வரல. விளக்கம்?” என்று கேட்டார். டீச்சரின் பாயில், அப்பாவின் மடியில் இருந்த சிட்டு முன்னால் சாய்ந்து விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“காய்ச்சல்” என்றாள்.

மூன்று வருடத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்ன முதல் உண்மையான தகவல் அதுதான். யாரோ ஹெட்செட்டைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. இயக்குநருக்கு அடுத்து என்ன சொல்வதென்று தாளில் இல்லை. தாளைக் கீழே வைத்தார்.

“இப்போ பரவால்லயாம்மா?” என்றார்.

சிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். மணி பதினொன்று. கூட்டம் தானாக மூடிக்கொண்டது.

அவள் இருண்ட போனைப் பார்த்தாள், திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது.

“அடுத்த செவ்வாய்க்கிழமை சொல்லிக்கலாம்மா” என்றார் ஸ்டோர்.